ஊசிச் சங்கை உயிருடன் கண்டவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கரையோரன் (உப்புவெளி):

திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையுள்ள கரையில் ஒதுங்கும், ஊசிபோல் நீண்டு கூர்ந்த வெற்று ஊசிச் சங்குகளை நம்மில் பலர் பொறுக்கியிருப்போம். ஆனால் அதனுள் வாழும் நத்தையைக் கண்டவர்கள் மிகக் குறைவு என்பதால், நான் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன். வாடைக்காலம் முடிந்து கடல் தெளிந்திருந்த ஒரு மாலையில், முகக்கண்ணாடி அணிந்து மிதந்துகொண்டிருந்தபோது, பவளப்பாறைக்கு அப்பால் இருந்த வெண்மணலில் விரலகல வரி ஒன்று வளைந்து வளைந்து போவதைக் கண்டேன். வரி முடியும் இடத்தில் மணல் சற்றே மேடிட்டு, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பொறுத்திருந்து பார்த்தபோது மணல் சரிந்து சங்கின் பின்பகுதி வெளிப்பட்டது: பாலேட்டு நிறம், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வரிசையாகக் கரும்பழுப்புச் சதுரப் புள்ளிகள், வாயை ஒட்டிய கடைசிச் சுற்றில் மட்டும் மூன்று வரிசைகள். இந்த அடையாளங்கள் தெரெப்ரா சுபுலாட்டா என்ற இனத்துக்கு உரியவை. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767இல் விவரித்த இந்த இனம், செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவி வாழ்கிறது.

அது விரும்புவது பாறையை அன்று, மணலை. வண்டலும் அதற்குப் பிடிக்காது போலும்: மகாவலி ஆறு வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் தேடியும் நான் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. பவளத்தை மட்டுமே பார்த்து நீந்துபவர்கள் இடையிலுள்ள வெறும் மணலைக் கவனிக்காமல் கடந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சுழியோடி (நிலாவெளி):

அண்ணா, உங்கள் விவரிப்புக்கு நன்றி. அதன் இரையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மணலுக்குள் வாழும் புழுக்களே ஊசிச் சங்குக் குடும்பத்து நத்தைகளின் உணவு. கூம்புச் சங்குகளுக்கு உறவான இவற்றுள், சுபுலாட்டா உட்படப் பல இனங்களுக்கு நஞ்சுச் சுரப்பி உண்டு. இதைவிடப் பருமனாக வளரும் ஆக்சிமெரிஸ் மாகுலாட்டா என்ற உறவினத்துக்கோ நஞ்சும் இல்லை, பல்லும் இல்லை. அது இரையை அப்படியே விழுங்கிவிடுகிறது. ஊசிச் சங்கு மனிதரைக் கொன்றதாக நான் அறிந்ததில்லை. எனினும் அதே மணலில் கூம்புச் சங்குகளும் புதைந்திருக்கும். அவற்றுள் சில மனித உயிரையே பறித்திருக்கின்றன. ஆகவே மணலைக் கையால் துழாவ வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா என்பதால், அங்கிருந்து வெற்றுச் சங்கைக்கூட எடுத்து வராதீர்கள்.

அலைமகள் (திருகோணமலை நகர்):

நான் பின்தொடர்ந்து சென்ற வரியின் முடிவில் இருந்தது நத்தையன்று. வெற்றுச் சங்கில் குடியேறிய துறவி நண்டு. நத்தை தன் ஒற்றைப் பாதத்தால் ஊர்வதால் அதன் வரி ஒரே பள்ளமாகத் தொடர்ந்து செல்லும். நண்டு சங்கை இழுத்துச் செல்லும்போது பள்ளத்தின் இருபுறமும் கால்கள் குத்திய சிறு குழிகள் தெரியும். காற்று ஓய்ந்து நீர் அசையாத நேரத்தில் பார்த்தால் இந்த வேறுபாட்டை எளிதில் கண்டுகொள்ளலாம்.