சீனாவுக்குள்ள சொந்த பைக்: பார்டர்ல எது எங்க மாட்டுது

கிக்கர்_மதுரை:

நம்ம சொந்த பைக்கை சீனாவுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போகணும்னா லைசென்ஸ் உள்ள ஏஜென்சி, கூடவே வர்ற கைடு, தற்காலிக நம்பர், தற்காலிக லைசென்ஸ் வேணும். இதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுதல. எனக்கு மண்டையில ஒட்டிக்கிட்டு இருக்கிறது கஷ்கர் (சீனாவோட மேற்கு ஓரம், ஷின்ஜியாங் பகுதி ஊர்) இன்ஸ்பெக்‌ஷன்ல சேஸிஸ் நம்பரைப் பதிவெடுக்கிற அந்த அஞ்சு நிமிஷம்தான்.

கிர்கிஸ்தான்-சீனா பார்டர்ல இருக்கிற தோருகார்ட் கணவாய் தாண்டி கஷ்கர் வந்தா மறுநாள் வண்டிய டிராபிக் போலீஸ் பரிசோதனைக்குக் கொண்டு போகணும். லைட், ஹாரன், பிரேக் பாத்து முடிச்சதும் டார்ச் அடிச்சு ஸ்டியரிங் கழுத்துக்கு வருவாங்க. நம்பர் மேல மெல்லிய தாளை வச்சுப் பென்சிலால தேய்ப்பாங்க. 17 எழுத்தும் தாள்ல பளிச்சுனு விழணும். வரிசையில நின்ன ஒரு ஹிமாலயன் பைக்கோட ஃபிரேம் முழுக்க புதுசா பவுடர் கோட்டிங் போட்டது. ரெண்டாவது தாள், மூணாவது தாள், எதுலயும் அது 8-ஆ இல்ல 'பி'யான்னு தெரியல. ஆபீசர் பென்சிலைக் கீழ வச்சுட்டு கைடைப் பாத்தார். கைடு ஓனரைப் பாத்தார். பெயிண்ட் ரிமூவர் தேடி ஊரைச் சுத்தி அன்னிக்குப் பொழுது போச்சு.

கோட்டிங் போடுற கடையிலயே நம்பர் மேல மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்க. ஏற்கெனவே போட்டாச்சுன்னா ரிமூவர் தடவி, ஊறவிட்டு, நைலான் பிரஷ்ல தேய்க்கணும். அரம், எமரி பேப்பர் கிட்டயே கொண்டு போகாதீங்க. கீறல் விழுந்தா நம்பரை மாத்திப் பொறிச்ச வண்டின்னு சந்தேகம் வரும். அதுக்கப்புறம் எந்த ஏஜென்சி பேசியும் வேலைக்கு ஆகாது. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு தடவை தாளும் பென்சிலும் வச்சு எடுத்துப் பாத்துடுங்க.

இனிஷியல்_எஸ்:

மதுரைக்காரர் சொன்னது சரி. ஆனா நம்பர் பாக்குற கட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊர்க்காரங்க மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு: பேரு.

ஆர்சியில 'எஸ். முருகன்'. பாஸ்போர்ட்டில 'செல்வம்' குடும்பப் பேரு, 'முருகன்' சொந்தப் பேரு. டிரைவிங் லைசென்ஸ்ல 'முருகன் எஸ்'. நமக்கு மூணும் ஒரே ஆளு. அங்க கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிறவருக்கு மூணு ஆளு. சீன மொழிபெயர்ப்புல இனிஷியல்ங்கிற சங்கதிக்கே இடமில்ல, 'எஸ்'ஸை மொழிபெயர்க்கிறவர் சில நேரம் அப்படியே விட்டுடுவார். ஒரு கேஸ்ல வண்டி ஓட்டுறவருடையது இல்லன்னு முடிவு கட்டி, ஓனர் கொடுத்த அதிகாரக் கடிதம் கேட்டாங்க. கடிதம் எழுத வேண்டிய ஓனர் எதிர்ல ஹெல்மெட்டோட நிக்கிறார்.

யாரும் கேக்கலைன்னாலும் இதையும் சொல்லிடறேன், ஏன்னா இதெல்லாம் அஞ்சாறு மாசம் முன்னாடி ஆரம்பிக்க வேண்டிய வேலை. பாஸ்போர்ட்ல இருக்கிற பேரை அடிப்படையா வச்சு லைசென்ஸ், ஆர்சி ரெண்டையும் ஆர்டிஓவில திருத்துங்க. நேரம் இல்லைன்னா மூணு விதமா இருக்கிற பேரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரி முன்னாடி உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதையும் ஏஜென்சிகிட்ட முதல் தவணை பேப்பரோடவே கொடுங்க. பார்டர்ல நீட்டினா யாரும் படிக்க மாட்டாங்க.

வண்டிக்கு லோன் இருந்தா பேங்க் என்ஓசி. ஆர்சியில கலர் 'கருப்பு'ன்னு இருந்து வண்டி ஆலிவ் பச்சையா இருந்தா கலர் மாத்தினதையும் ஏத்துங்க. அனுமதிக்கு அனுப்புற போட்டோ முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர்னு இருக்கும். பெட்டி மாட்டிக்கிட்டுப் போறதா இருந்தா பெட்டியோடவே எடுங்க. சாதா வண்டி போட்டோ அனுப்பிட்டு மூணு பெட்டி, ரெண்டு ஃபாக் லைட், உயரமான கண்ணாடியோட போய் நின்னா ஒவ்வொண்ணுக்கும் கேள்வி வரும்.

கிள்ளான்_டூரர்:

நாங்க மலேசியா பக்கம், எங்க வாசல் வேற. தாய்லாந்து, லாவோஸ், அதோட பார்டர் ஊர் போத்தேன், அதுக்கு எதிர்ல சீனப் பக்கம் மோகான். கஷ்கர் கதை எங்களுக்குப் பொருந்தாது. பேரு விஷயம் மட்டும் அப்படியே பொருந்தும் லா, கிராண்ட்ல (எங்க ஊர் ஆர்சி) 'அ/பெ' (இன்னாரோட மகள்னு குறிக்கிற சுருக்கம்) இருக்கும், பாஸ்போர்ட்லயும் இருக்கும், மொழிபெயர்ப்புல காணாமப் போயிடும்.

நான் எழுத வந்தது டோல் பூத். மோகான்லேர்ந்து குன்மிங் பக்கம் போற எக்ஸ்பிரஸ்வே வாசல்ல எங்க குரூப் மோட்டார் (பைக்) எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. கைடோட கார் உள்ள போயிடுச்சு, தடுப்பு இறங்கிடுச்சு, மோட்டார் எல்லாம் வெளிய. கைடு அடுத்த எக்ஸிட் வரைக்கும் போய்த்தான் திரும்பி வர முடியும். அதுவரைக்கும் கைடு இல்லாத வெளிநாட்டு மோட்டார் வரிசையா ரோட்டோரம் நிக்குது. போற வர்றவங்க எல்லாம் செல்ஃபி.

சீனா முழுக்க எக்ஸ்பிரஸ்வேயில மோட்டாருக்குத் தடைன்னு பல பேர் எழுதுறாங்க, அது தப்பு. தேசிய விதிப்படி போகலாம்: 80 கிமீ வேகத்துக்கு மேல கூடாது, பின்னாடி ஆள் உக்காரக் கூடாது. ஆனா மாகாணங்கள் தனியா தடை போடுது, நிறைய மாகாணம் போட்டிருக்கு. அதனால ரூட் போடும்போதே ஜி எழுத்துக்குப் பின்னாடி மூணு இலக்கம் இருக்கிற தேசிய நெடுஞ்சாலையா பாத்துப் போடச் சொல்லுங்க. மோகான் பக்கம் ஜி213. எக்ஸ்பிரஸ்வே கணக்குல ஒரு நாள்ல முடியும்னு கைடு சொல்ற தூரம் பழைய ரோட்டுல ரெண்டு நாள் எடுக்கும். ஓட்டல் புக்கிங், வெளியேறுற தேதி எல்லாம் அந்தக் கணக்குலதான் நிக்குது.

பெரிய ஊர்களோட நடுப்பகுதிக்குள்ளயும் மோட்டார் விடமாட்டாங்க. ஓட்டல் ஊருக்கு வெளிய இருக்கட்டும்.

கார்னெட்_காரன்:

எல்லாரும் சின்ன விஷயத்தைப் பேசிக்கிட்டு இருக்கீங்க. கார்னெட் (வண்டிய திரும்ப வெளிய கொண்டு போயிடுவோம்னு கஸ்டம்ஸுக்குக் காட்டுற உத்தரவாதப் பத்திரம்) இல்லாம எந்த நாட்டுக்குள்ளயும் வண்டி நுழையாது. முதல்ல மும்பை வியா (மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம்) மூலமா கார்னெட் எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இனிஷியல்_எஸ்:

அண்ணே, சீனா கார்னெட்டை ஏத்துக்கிற நாடே இல்ல. அங்க கஸ்டம்ஸுக்கு உத்தரவாதம் கொடுக்கிறது ஏஜென்சி. வண்டி வெளிய போகலைன்னா வரியைக் கட்ட வேண்டியது அவங்க. அதனாலதான் கைடு ராத்திரி வண்டி எங்க நிக்குதுன்னு வந்து பாத்துட்டுப் படுக்கிறார். கார்னெட் வேணும்கிறது பாகிஸ்தான், ஈரான் மாதிரி நாட்டுக்கு. இந்தியாவுக்கு வண்டிய திரும்பக் கொண்டு வரும்போதும் உதவும். மொத்தப் பயணத்துக்கு எடுங்க, நல்லது. சீனாவுக்காக எடுக்காதீங்க.

அதே மாதிரி ஐடிபி (சர்வதேச டிரைவிங் பெர்மிட்). சீனப் பெருநிலத்துல அது செல்லாது. 2007 ஜனவரி 1-லேர்ந்து நடைமுறையில இருக்கிற விதிப்படி, இந்திய லைசென்ஸோட சீன மொழிபெயர்ப்பை வச்சுத் தற்காலிக லைசென்ஸ் தருவாங்க, அதிகபட்சம் 3 மாசம். சாலைவிதி வகுப்பு ஒண்ணு உக்கார வைப்பாங்க, கட்டாய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் அங்கயே வாங்கணும். தற்காலிக நம்பர் வெறும் காகிதம். காருன்னா கண்ணாடிக்குள்ள வைப்பாங்க, பைக்குக்கு கையில வச்சுக்கணும். லேமினேட் பண்ணி ஜாக்கெட் உள்பாக்கெட்ல வைங்க, டேங்க் பேக்ல வேண்டாம். மழையில கூழாயிடும்.

கார்னெட்_காரன்:

ஆக மொத்தம் கார்னெட் எடுக்கத்தானே சொல்றீங்க. அதைத்தான் நானும் சொன்னேன்.

கெட்டில்_பெட்ரோல்:

ஷின்ஜியாங் பெட்ரோல் பங்க் பத்தி யாரும் வாயே திறக்கல!

பங்க் வாசல்ல முள்வேலித் தடுப்பு. பைக் பம்ப் பக்கத்துல வரக் கூடாது. பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு பண்ணணும், அப்புறம் பூவாளி மாதிரி மூக்கு நீண்ட ஒரு தகரக் கெட்டிலைக் கையில கொடுப்பாங்க. அதுல பெட்ரோல் பிடிச்சு, வெளிய நிக்கிற வண்டிக்கு நடந்து போய் ஊத்தணும். 15 லிட்டர் டேங்க்னா ரெண்டு மூணு நடை. பாலைவனத்துல காத்து அடிக்குது, சைலன்சர் கொதிக்குது, கெட்டில் மூக்கு டேங்க் வாய்ல நிக்க மாட்டேங்குது. டேங்க்ல வழிஞ்ச பெட்ரோல் சிலிண்டர் ஹெட் பக்கமா ஓடினதைப் பாத்து பங்க் ஆளு தீயணைப்பானோட ஓடி வந்தது இன்னும் கண்ணுல நிக்குது. ஒண்ணும் ஆகல.

தீர்வு சுலபம். மெஷ் வச்ச, மடங்குற சிலிகான் புனல் ஒண்ணு. பழைய காட்டன் துணி ஒண்ணு, டேங்க் வாயைச் சுத்திக் கட்ட. இன்ஜினை அணைச்சுப் பத்து நிமிஷம் ஆறவிட்டு ஊத்துங்க. கெட்டில் உள்ள துருவும் மண்ணும் இருக்கும். மெஷ் இல்லாம ஊத்தினா இன்ஜெக்‌ஷன் வண்டியில ஃபியூயல் பம்ப் ஃபில்டர் அடைச்சுக்கும். 92, 95, 98-னு மூணு தரம் இருக்கும். ஹிமாலயனுக்கு 92 போதும், கேடிஎம் மாதிரி அழுத்தம் கூடின இன்ஜினுக்கு 95 கேளுங்க.

ஜெரி கேன்ல தனியா வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க, தர மாட்டாங்க. பாதி டேங்க் இருக்கும்போதே அடுத்த பங்க்ல நிறுத்துங்க. ஒரு குரூப்புக்கே கெட்டில் ஒண்ணுதான் இருக்கும், அஞ்சு வண்டின்னா ஒரு மணி நேரம் அங்கயே போயிடும். சாப்பாட்டு நேரத்தை அங்க வச்சுக்கிட்டா கணக்கு சரியா வரும்.

கிக்கர்_மதுரை:

கெட்டில் தம்பி சொன்னதோட சேத்து: தோருகார்ட் கீழ கஸ்டம்ஸ்ல எல்லாப் பையையும் இறக்கி எக்ஸ்ரே போடுவாங்க. டூல்கிட்டுக்குள்ள இருக்கிற மடக்குக் கத்தி போயிடும். போனைப் பாப்பாங்க. ட்ரோன், சாட்டிலைட் போன் கொண்டு போனா அன்னிக்கு முழுக்க அதுக்குப் பதில் சொல்றதுதான் வேலை.

இன்னொண்ணு, நேரம். கிர்கிஸ்தான் மணியும் பெய்ஜிங் மணியும் 2 மணி நேரம் வித்தியாசம். இந்தப் பக்கம் காலையிலேயே போயிட்டோம்னு நினைச்சா அந்தப் பக்கம் மதிய இடைவேளை. சனி, ஞாயிறு கணவாய் திறந்திருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. அக்டோபர் 1 தேசிய நாள் லீவு வாரத்தையும் தவிருங்க. கைடு கணவாய் உச்சியில இருக்கிற தோரண வளைவுகிட்ட வந்து நிக்கிறார்னு உறுதியாகாம கிர்கிஸ் காவலர்கள் விட மாட்டாங்க. 3,752 மீட்டர் உயரம், காத்து சும்மா அறையும், ஒதுங்க இடம் கிடையாது. கைடோட நம்பரை முன்னாடியே வாங்கி, அவர் கஷ்கர்ல கிளம்பிட்டாரான்னு கேட்டுட்டு நாரின்ல (கிர்கிஸ் பக்க ஊர்) வண்டிய எடுங்க.

ரசுவா_ரைடர்:

நேபாளம் வழியா திபெத் போறவங்களுக்கு: காத்மாண்டுல கொடுக்கிற குரூப் விசா ஒரு தாள். அதை வாங்கும்போது பாஸ்போர்ட்ல ஏற்கெனவே ஒட்டியிருக்கிற சீன விசா ரத்தாயிடும். பின்னாடி ஷின்ஜியாங் வழியா வெளிய போகப் போறவங்க இதை ஏஜென்சிகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க, அந்தத் தாள்ல வெளியேறுற வாசல் எதுன்னு இருக்கணும்.

வாசலே இல்லாம போறதும் உண்டு. 2015 பூகம்பத்துல நேபாள பார்டர் வாசல் கோடாரி மூடினது, 2017-ல திபெத் பக்க வாசல் கிரோங் வெளிநாட்டுக்காரங்களுக்குத் திறந்துச்சு, 2025 ஜூலை 8 வெள்ளம் கிரோங் போற வழியில இருக்கிற ரசுவாகடி நட்புப் பாலத்தையே அடிச்சிட்டுப் போச்சு. அனுமதி வாங்கினது ஒரு வாசலுக்கு, இன்னொரு வாசல்ல போய் நின்னா அந்தப் பேப்பர் எல்லாம் செல்லாது, மறுபடி முதல்லேர்ந்து. பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் திபெத் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழக்கமா மூடியிருக்கும், அந்த மாசத்துக்குத் திட்டமே போடாதீங்க.

கார்புரேட்டர் புல்லட்ல போறவங்க மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்னத் துளைக்குழாய்) ஒண்ணு ரெண்டு சைஸ் சின்னதா கையில வச்சுக்கோங்க. 5,000 மீட்டர் தாண்டினா பெட்ரோல் அதிகமா கலந்து, கரும்புகை விட்டு, பிளக் கருகும்.

கிள்ளான்_டூரர்:

மேப் பத்தி ஒரு வரி. சீன மேப்புகள்ல இடக்குறியை வேணும்னே சில நூறு மீட்டர் தள்ளி வச்சிருப்பாங்க. கைடு அனுப்புற ஜிபிஎக்ஸ் (ரூட்) ஃபைலை நம்ம ஜிபிஎஸ்ல ஏத்தினா ரோடு ஆத்துக்குள்ள போகும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வச்ச ஆஃப்லைன் ஆப் போடுங்க, அது தள்ளாது.

கார்னெட்_காரன்:

சரி, நடுவழியில வண்டி நின்னா? அதை யாரும் சொல்லலையே. கார்னெட் இருந்தா...

இனிஷியல்_எஸ்:

கார்னெட் இருந்தாலும் நிக்கும்ண்ணே.

வண்டி நின்னா விட்டுட்டுப் போக முடியாது, அனுமதியில எழுதின வாசல்ல, எழுதின தேதியில வண்டி நேர்ல நிக்கணும். ஓடித்தான் வரணும்னு இல்ல, லாரியில ஏத்திக்கிட்டு வரலாம். இந்திய வண்டியோட பாகம் அங்க கடையில கிடைக்கும்னு நம்பாதீங்க, கூரியர்ல வரவழைச்சா கஸ்டம்ஸ்ல முடங்கும். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் பேட் ஒரு செட், பிளக், ஃபியூஸ், முன் பின் டியூப், செயின் லிங்க், கிளட்ச் பிளேட் இவ்வளவும் கூடவே இருக்கட்டும். ஒரே மாடல் வண்டியா குரூப் போனா ஒரு செட் போதும். கைடு காருக்கும் அவர் ஓட்டலுக்கும் ஆகிற செலவை எத்தனை பேர் பிரிக்கிறோமோ அத்தனை லாபம். வண்டிக்குன்னு ஆகிறது நம்பர், இன்ஸ்பெக்‌ஷன், இன்ஷூரன்ஸ், அதைப் பிரிக்க முடியாது.

லாரியில ஏத்தினா ராட்செட் பெல்ட் நாலு வேணும், ரெண்டு முன்னாடி கீழ் டிரிபிள் கிளாம்ப்ல (முன் ஃபோர்க்கைப் பிடிக்கிற கீழ்ப் பிடி), ரெண்டு பின் ஃபிரேம்ல. ஹேண்டில்பார்ல கட்டாதீங்க. முன் ஃபோர்க் பாதி அமுங்கினா போதும், முழுசா இறுக்கிட்டு ரெண்டு நாள் குலுங்கிப் போனா சீல் லீக் அடிக்கும்.