நரசிபுரம் பக்கம் திராட்சைப் பந்தல்களையும் பள்ளத்து மரச்சோலைகளையும் சுற்றி வர நடைவழி உண்டா?

கேள்வி: பீளமேட்டுவாசி

அனைவருக்கும் வணக்கம். கோவை மாவட்டம் தொண்டாமுத்தூரிலிருந்து நரசிபுரம் செல்லும் சாலையில் பயணம் செய்யும்போதெல்லாம், கல்தூண்களின்மேல் படர்ந்து கிடக்கும் பந்தல்களையும், அவற்றுக்குப் பின்னால் மலையடிவாரம் வரை நீளும் மரம் அடர்ந்த பள்ளங்களையும் (ஓடைகளையும்) பார்த்து, இந்த இடத்தை வண்டியிலிருந்து பார்ப்பது போதாது என்று நினைத்திருக்கிறேன். புறப்பட்ட பேருந்து நிறுத்தத்துக்கே வேறொரு வழியாகத் திரும்பி வந்து சேரும்படி, மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் முடிகிற சுற்றுநடை ஒன்று அங்கே அமையுமா? என் மாமனாரும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் உடன் வருவார்கள். எந்த மாதத்தில் சென்றால் கொடியில் பழம் இருக்கும், தோட்டங்களின் வழியே நடக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், பள்ளத்துக்குள் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பவற்றை அறிந்தவர்கள் கூற வேண்டும். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று எண்ணி, விடியற்காலை ஐந்து மணிக்கே நடக்கத் தொடங்கத் திட்டமிட்டுள்ளேன்.

பதில்: பந்தல் விவசாயி

நரசிபுரத்தை ஒட்டி எங்கள் தோட்டம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் வழியை எந்தப் பெயர்ப்பலகையும் காட்டாது. ஆனால் தோட்டங்களுக்கு நடுவே வண்டி போய்வர விடப்பட்டிருக்கும் இட்டேரிகளைக் கொண்டு அதை நீங்களே அமைத்துக்கொள்ள முடியும். ஊரிலிருந்து மலையைப் பார்த்தபடி இட்டேரியில் நடந்து, பள்ளம் குறுக்கிடும் இடத்தில் அதைத் தாண்டாமல், கரையை ஒட்டி நீர் ஓடும் திசையிலேயே கிழக்கே திரும்புங்கள். இந்தப் பக்கத்துப் பள்ளங்கள் எல்லாம் கடைசியில் நொய்யலுக்குத்தான் போய்ச் சேருகின்றன. ஆகவே வெள்ளியங்கிரி மலை உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்வரை வழி தவற வாய்ப்பில்லை. தரைப்பாலம் ஒன்று வந்ததும் தார்ச்சாலையில் ஏறி ஊருக்குத் திரும்பிவிடலாம்.

பந்தலாகத் தெரிவதெல்லாம் திராட்சை என்று எண்ணி வர வேண்டாம். இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் பன்னீர்த் திராட்சை நிறைய இருந்தது. பிறகு ஆள் பற்றாக்குறையாலும் மருந்துச் செலவாலும் பலர் பாக்குக்கும் தென்னைக்கும் மாறிவிட்டார்கள். கொடியை எடுத்த சிலர் கல்தூணையும் கம்பியையும் அப்படியே வைத்துக்கொண்டு பாகல், புடலை, பீர்க்கு ஏற்றியிருக்கிறார்கள். எஞ்சியுள்ள திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பழம் எப்போது இருக்கும் என்பதைக் கவாத்துத்தான், அதாவது கொடியை வெட்டிவிடுவதுதான், தீர்மானிக்கிறது. குளிர்நாடுகளில் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் தானே துளிர்க்கும். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு அந்த உறக்கம் கிடையாது. நாம் வெட்டிவிட்டால்தான் புதுத் துளிர் விட்டுப் பூக்கும். மார்கழி, தை மாதங்களில், அதாவது டிசம்பர் – ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல் – மே மாதங்களில் கோடைப் பழம் வரும். மே – ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட் – செப்டம்பரில் அறுவடை. கவாத்து முடிந்த உடனே நீங்கள் வந்தால் மொட்டைக் கொடியும் கம்பியுமாகத்தான் பந்தல் இருக்கும். உங்களுக்கு ஆகஸ்ட் கடைசியைப் பரிந்துரைக்கிறேன்: காய் கறுத்துவரும் காலம் அது, வெயிலும் கடுமையாக இராது.

இட்டேரி பலரும் புழங்கும் வழி. வேலியைத் தாண்டிப் பந்தலுக்குள் நுழைய வேண்டுமானால் மட்டும் தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) சென்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இலைகளில் நீலம் படிந்திருந்தால் அது மயில்துத்தமும் (தாமிர சல்பேட்டும்) சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோய் வராமல் இருக்க அடிப்பது. மகள் இலையைத் தொடாமலும் பழத்தைக் கொடியிலிருந்து பறித்து வாயில் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வனவர்

மேலே உள்ள பதிலில் வழி சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஐந்து மணிக்குப் புறப்படும் திட்டத்தை நீங்கள் கட்டாயம் கைவிட வேண்டும். போளுவாம்பட்டி வனச்சரகத்தின் விளிம்பில் உள்ள இந்த ஊர்களில், இரவில் வாழையையும் மக்காச்சோளத்தையும் தேடி இறங்கும் யானைகள் விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்புகின்றன. அவை திரும்புவதும் மரநிழலும் மறைவும் உள்ள அதே பள்ளங்களின் வழியாகத்தான். மலையேறுபவர்களுக்கு வேறு இடங்களில் சொல்லப்படும் ‘இருட்டோடு கிளம்பு’ என்ற அறிவுரை இங்கே உயிருக்கு ஆபத்தாக முடியும். பால் வண்டியும் தோட்டத்து வேலையாட்களும் நடமாடத் தொடங்கிய பிறகு, அதாவது எட்டு மணி அளவில் புறப்பட்டு, நண்பகலுக்குள் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். பிற்பகல் நான்கு மணிக்குமேல் பள்ளத்தோரம் யாரும் நிற்க வேண்டாம்.

புறப்படும் முன் ஊர்த் தேநீர்க் கடையில், நேற்றிரவு யானை எந்தப் பக்கம் வந்தது என்று கேளுங்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சொல்லவும் தயங்க மாட்டார்கள். வழியில் ஈரம் உலராத சாணம், புதிதாக முறிந்த வாழை, யானைகளைத் தடுக்க வெட்டிய அகழியின் சரிந்துபோன கரை ஆகியவற்றைக் கண்டால், வந்த வழியே திரும்பிவிடுவதுதான் முறை. சுற்று முழுமையடையவில்லையே என்று வருந்த வேண்டாம். தோட்டங்களைச் சுற்றியுள்ள சூரிய மின்வேலிக் கம்பியை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

பள்ளத்துக்குள் எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற கேள்விக்கு என் விடை: யானைத் தடுப்பு அகழி வரை. அதற்கு அப்பால் காப்புக்காடு தொடங்குகிறது. அனுமதியின்றி உள்ளே செல்வது சட்டப்படி குற்றம். காட்டுக்குள் இருக்கும் வைதேகி அருவிக்கு யாராவது வழிகாட்டுவதாகச் சொன்னாலும் செல்ல வேண்டாம். 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை அனைவரும் அறிவோம். அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. காட்டுக்குள்ளேயே நடக்க விரும்பினால், 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையவழி முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்லலாம். அதில் மாநிலம் முழுவதும் 40 வழிகள் அறிவிக்கப்பட்டன. சாடிவயல் – சிறுவாணி வழியும் அவற்றுள் ஒன்று. கோடையில் காட்டுத்தீ அபாயம் உள்ள வாரங்களில் இவை மூடப்படும்.

பீளமேட்டுவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. எட்டு மணிக்கே புறப்படுகிறோம். அகழிக்கு இப்பால் நின்றுவிட்டால் மரங்கள் அடர்ந்த பகுதி எதையும் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்குமோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. என் மகள் மரங்களின் பெயர்களைக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவள்.

பதில்: தாவரவியல் ஆசிரியை

அந்த ஐயம் வேண்டாம். கொங்கு நாட்டின் தாவர வளத்தில் ஒரு பெரும்பகுதி வேலியிலும் பள்ளத்தின் கரையிலும்தான் இருக்கிறது. அதைப் பார்க்கக் காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. பள்ளத்தின் கரையில் நீர்மருது, புங்கன், நாவல், அத்தி ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். வெளிறிய சாம்பல் பட்டை பெரிய செதில்களாக உரிந்து, வழவழப்பான அடிமரத்தோடு நீருக்கு அருகே நிற்பது நீர்மருது. ஐந்து விளிம்புகள் கொண்ட அதன் காய் கீழே விழுந்து கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் பிறகு எங்கும் அடையாளம் தவறாது.

ஆனால் அந்தக் குழந்தைக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இட்டேரியைத்தான். இரு தோட்டங்களின் வேலிகளும் இருபுறமும் உயர்ந்து நிற்க, நடுவே வண்டித்தடம் ஓடும் இந்த அமைப்பு கொங்கு நாட்டுக்கே உரிய பெருஞ்செல்வம் என்பது என் உறுதியான கருத்து. கிளுவைக் கொம்பை நட்டு வேலியாக்கினார்கள். அதன்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் சங்குக்கொடியும் தாமாக ஏறிக்கொண்டன. அடியில் ஆவாரையும் கள்ளியும் வளர்ந்தன. அந்தப் புதரில் கீரியும் ஓணானும் கௌதாரியும் குடியேறின. தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னும் கரிச்சானும் செம்போத்தும் அங்கே தங்கின. இன்று அகலமான பாதை வேண்டும் என்று இயந்திரத்தால் வேலியைப் பெயர்த்தெடுத்து, கல்தூணும் முள்கம்பியும் நட்டுவிடுகிறார்கள். ஓர் இட்டேரி அழிந்தால் அதே அமைப்பு திரும்ப உருவாகப் பல்லாண்டுகள் ஆகும். உங்கள் நடையில் உயிர்வேலி உள்ள தடம் ஒன்றும் முள்கம்பித் தடம் ஒன்றும் வந்தால், இரண்டிலும் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று மகளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வேறுபாட்டை அவளே கண்டுகொள்வாள்.

ஆகஸ்ட் கடைசியில் தென்மேற்குப் பருவமழை முழுவதும் ஓய்ந்திருக்காது. ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்தால் பள்ளத்தில் திடீரென நீர் பெருகும். ஆகையால் கரையிலேயே நடக்க வேண்டும். மணல் வறண்டு கிடந்தாலும் உள்ளே இறங்கி உட்கார்ந்து உணவு அருந்தக் கூடாது.

பதில்: பந்தல் விவசாயி

அம்மா சொன்ன எச்சரிக்கையை நானும் வழிமொழிகிறேன். கூடுதலாக இரண்டு செய்திகள். பந்தலின் உயரம் ஆறு அல்லது ஏழு அடிதான் இருக்கும். குலை தொங்கும் பருவத்தில் உங்கள் மாமனார் குனிந்து நடக்க நேரிடும். முதுகுவலி உள்ளவரானால் பந்தலுக்குள் நுழையாமல் வரப்பில் நின்று பார்ப்பதே நல்லது. பழம் வேண்டுமானால் அறுவடை நடக்கும் தோட்டத்தில் கேட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு, வீட்டில் நன்கு கழுவிய பிறகு உண்ணுங்கள்.

நீங்கள் வரும் நாளில் யானை அருகில் நிற்பதாக ஊரில் சொன்னால், நடையை அடியோடு ரத்து செய்ய வேண்டியதில்லை. காட்டு விளிம்பிலிருந்து விலகிக் கிழக்கே நகர்ந்து, நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குச் சென்று, அங்கிருந்து பிரியும் வாய்க்காலின் கரையோடு சிறிது தூரம் நடந்து திரும்புங்கள். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளங்களுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால் அது. திராட்சை அங்கே கிடையாது; தென்னை, வாழை நிழல் உண்டு. வாய்க்கால் கரையில் ஒருவர்பின் ஒருவராகத்தான் நடக்க முடியும் என்பதால், மகளை நடுவில் விட்டு நடத்திச் செல்லுங்கள்.