புதுப்பிப்பு: தம்பிக்கு மோடஃபினில் சேர்க்கலாமா?

ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கு ஒலான்சபின் மாத்திரை சாப்பிடும் என் தம்பி மதியம் வரை எழுவதே இல்லை, விழிப்பு மாத்திரையான மோடஃபினிலைக் கூடவே கொடுக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன். வேண்டாம் என்றார்.

அதே வகை மருந்தான ஆர்மோடஃபினிலை இந்த நோய் உள்ளவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். 2010-ல் வெளியான ஆய்வில் 60 பேர், வெறும் 4 வாரம். பேச்சு குறைவது, ஆர்வம் வற்றிப்போவது போன்ற அறிகுறிகள் 200 மி.கி. எடுத்தவர்களுக்குச் சற்றுத் தணிந்தன. அந்த நம்பிக்கையில் 285 பேரை வைத்து 24 வாரம் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. கேட்டதும் மனசு கனத்துவிட்டது. சிலருக்கு, இல்லாத குரல்கள் கேட்பதும் சந்தேகமும் கூடவும் வாய்ப்புண்டாம்.

அப்புறம், டாக்டரே டோஸைக் கொஞ்சம் குறைத்து, இரவு மாத்திரையைச் சீக்கிரமே போடச் சொன்னார். இப்போது காலையில் அம்மாவோடு காசிமேடு போகிறான். நேற்று சங்கரா மீனுக்கு அவனே பேரம் பேசினான், அம்மா வாய் திறக்கவே இல்லை!

சீட்டு இல்லாமல் மோடஃபினில் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். தயவுசெய்து யாருக்கும் அப்படிச் செய்யாதீர்கள்.