மறு: 'சிட்டி பாப்' – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

1970களின் கடைசியிலும் 80களிலும் ஜப்பானில் செழித்த நகர வாழ்க்கைப் பாட்டு வகையான 'சிட்டி பாப்'புக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழைக்கு என் பதில் இது.

> நகர்ப்புற மெல்லிசை என்று வைத்துவிடலாம். பொருளும் வருகிறது, தமிழாகவும் இருக்கிறது.

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. நகர்ப்புறம் என்றதும் உள்ளாட்சித் தேர்தல்தான் கண்முன் வருகிறது, மெல்லிசை என்றால் கல்யாணக் கச்சேரி. 'நகரப் பாப்' போதும் என்பது என் கருத்து. பாப் நம் பத்திரிகைகளில் பல காலமாகப் புழங்கும் சொல்தான், ஜப்பானியர்களும் ஆங்கிலப் பெயரைத்தான் தங்கள் எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். 'பாப்பிசை' என்று மட்டும் சேர்த்துவிட வேண்டாம், பாப்பா பாட்டு என்று படித்துவிடுவார்கள்.

நான் முக்கியமாகப் பேச வந்தது இழையில் பாதியில் விட்டுப்போன அடுத்த சொல்லைப் பற்றி. இந்த இசை திரும்பி வந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் 'நாஸ்டால்ஜியா'வுக்கு எல்லோரும் 'நினைவேக்கம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இங்கே ஏங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நினைவே கிடையாதே!

ஜப்பானியப் பாடகி மரியா தகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' 1984இல் ஓர் இசைத்தொகுப்பில் வந்த பாட்டு. 2017இல் யாரோ ஒரு ரசிகர் அதை யூடியூபில் ஏற்ற, கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. கேட்டவர்களில் பலர் 1984க்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள், ஜப்பான் பக்கமே போகாதவர்கள், மொழியும் தெரியாதவர்கள். கையில் காசும் காரில் ஸ்டீரியோவும் 1979இல் வந்த வாக்மேனுமாக டோக்கியோ இளைஞர்கள் இரவைக் கொண்டாடிய காலம் அது, நிலமும் பங்குகளும் அளவுக்கு மீறி விலையேறிய பொருளாதாரக் குமிழி உடைந்து எல்லாம் அடங்குவதற்கு முந்தைய காலம். அதைத் தாங்களே இழந்துவிட்டது போல இவர்கள் பின்னூட்டங்களில் உருகி உருகி எழுதுகிறார்கள், அந்த உருக்கம் உண்மையானது என்றுதான் நான் நம்புகிறேன்.

சரி, நினைவோடு ஏங்குவதும் நினைவே இல்லாமல் ஏங்குவதும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கு மிகி மத்சுபாராவின் 'மயோனாகா நோ டோர்' நல்ல விடை. 1979 பாட்டு, பாடியவர் 2004இல் காலமாகிவிட்டார், 2020 கடைசியில் உலகம் முழுக்கப் பரவியது. அப்போது டிக்டாக்கில் பிள்ளைகள் தங்கள் ஜப்பானிய அம்மாக்கள் முன் இந்தப் பாட்டை ஒலிக்கவிட்டுப் படம்பிடித்துப் போட்டார்கள், முதல் சில நொடிகளிலேயே அம்மாக்களின் முகம் மலர்ந்து கூடவே பாட ஆரம்பிப்பார்கள். அந்த அம்மாவுக்கு வந்தது நினைவேக்கம். படம்பிடித்த பிள்ளைக்கு வந்தது வேறு. அதற்கு நான் முன்வைக்கும் சொல்: காணாக்கால ஏக்கம், அதாவது தான் காணாத ஒரு காலத்துக்காக ஏங்குவது.

இந்த ஏக்கம் யாருக்கும் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடகர்களே அன்று இருந்த டோக்கியோவை மட்டும் பாடவில்லை. பாடகர் எய்இச்சி ஓதாகியின் 1981 இசைத்தொகுப்புக்கு ஓவியர் ஹிரோஷி நகாய் வரைந்த அட்டையைப் பாருங்கள்: நீச்சல் குளம், தென்னை போன்ற மரங்கள், ஒரு கறையில்லாத நீல வானம். அமெரிக்க மேற்குக் கரையின் வாசனை அது. இசையிலும் சோல், ஃபங்க், மென்ராக் போன்ற அமெரிக்க இசை வகைகள் எல்லாம் கலந்துதான் இருக்கிறது. அவர்களே எங்கோ ஓர் இடத்தைக் கற்பனை செய்துதான் பாடினார்கள், அதனால்தான் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து ஏங்க முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

> காணா என்பது எதிர்காலத்தையும் குறிக்காதா?

குறிக்கலாம் அம்மா, ஆனால் பக்கத்தில் 'ஏக்கம்' நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. 'வாழாக்கால ஏக்கம்' என்றும் எழுதிப் பார்த்தேன், வாழாவெட்டி நினைவுக்கு வந்து உறுத்தியது, விட்டுவிட்டேன்.

அப்புறம், 'ரிவைவல்' என்பதற்கு மறுமலர்ச்சி வேண்டாம், அது ஐரோப்பிய வரலாற்றுக்குப் போய்விட்டது. 'மீள்வரவு' எப்படி? நம் சொற்பட்டியலில் ஏற்றும்போது காணாக்கால ஏக்கத்தைத் தனிப் பதிவாகவே போடுங்கள், நினைவேக்கத்தின் கீழே துணைப்பொருளாக வேண்டாம்.

அன்புடன்