நியூபோர்ட் மாளிகைகள்: உங்களை நகரவிடாமல் நிறுத்திய அறை எது?

அமெரிக்காவின் பழைய பணக்காரக் குடும்பங்களின் மாளிகைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பளிங்கைப் பற்றியும் தங்கமுலாம் பற்றியும்தான் பேசுகிறார்கள். என் மனத்தில் நிற்பவர்கள் வேறு. அந்த வீடுகளை ஆண்ட பெண்களும், அந்தப் பெண்களின் கண்ணிலேயே படாமல் அங்கே உழைத்த பெண்களும்தான். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் நான் கண்டதை எழுதுகிறேன். பாஸ்டன், ஆஷ்வில் பக்கம் போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

எல்ம்ஸ் மாளிகையிலிருந்து தொடங்குகிறேன். நிலக்கரி அதிபர் எட்வர்ட் பெர்விண்ட் 1901இல் கட்டி முடித்த கோடைகால வீடு இது. பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் மாளிகையைப் பார்த்து வடித்தது. இங்கே முன்வாசல் வழியாகப் போகாமல், பணியாளர் வாசல் வழியாக அழைத்துச் செல்லும் சுற்று ஒன்று தனியாக உண்டு. நான் அதில்தான் சேர்ந்துகொண்டேன். அந்த வாசலே கொடிப்பந்தலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. காய்கறி வண்டியும் பனிக்கட்டி வண்டியும் வந்துபோவது தோட்டத்தில் உலவும் விருந்தினருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அடித்தளத்தில் ஆளுயரத்தை விஞ்சும் கொதிகலன்கள். அவற்றுக்குத் தீனி போட, தோட்டத்துக்கு அடியில் தெருவரை ஒரு சுரங்கப்பாதை. அதில் சின்னத் தண்டவாளம், மேலே தள்ளுவண்டி. தெருவில் கொட்டும் கரி அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும். குடும்பத்தின் செல்வம் முழுவதும் கரியில் சேர்ந்தது. ஆனால் ஒரு துண்டுக் கரிகூட அந்த வீட்டுப் பெண்களின் பார்வையில் பட்டிருக்காது.

அங்கிருந்து பணியாளர் மாடிப்படியில் ஏறினோம். எண்பதுக்கும் மேற்பட்ட படிகள். நடுவே வரும் தளங்களில் ஒரு கதவைத் தள்ளினால் பட்டுத் திரையும் சரவிளக்கும். மேலே மூன்றாம் தளத்தில் வேலைக்காரப் பெண்கள் தூங்கிய சிறிய அறைகள். வெளியே புல்வெளியில் நின்று பார்த்தால் இப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. கூரையின் கைப்பிடிச்சுவர் அதை முழுக்க மறைத்துவிடுகிறது. ஆனால் கூரைமேல் போய் நின்றால் நியூபோர்ட் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. அந்த வீட்டின் ஆகச் சிறந்த காட்சி வேலைக்காரர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆரம்ப ஆண்டுகளிலேயே இங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. ஓய்வு நேரம் வேண்டும் என்று பணியாளர்கள் கேட்டார்கள். குடும்பம் அத்தனை பேரையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டுப் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. வழிகாட்டி இதைச் சொன்னது அந்தக் கொதிகலன் அறையில் வைத்து. வியர்க்க வியர்க்கக் கரி அள்ளியவர்கள் கேட்டது சில மணி நேரம்தானே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அடுத்தது மார்பிள் ஹவுஸ். ரயில்வே செல்வக் குடும்பத்து வில்லியம் வாண்டர்பில்ட் தம் மனைவி ஆல்வாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கட்டிக்கொடுத்தது. 1888இல் தொடங்கி 1892இல் முடிந்தது. செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர். அதில் 70 லட்சம் டாலர் பளிங்குக்கு மட்டும். இத்தனையும் ஜூலை, ஆகஸ்டில் ஆறேழு வாரம் தங்குவதற்கு.

உணவறையில் இளஞ்சிவப்புப் பளிங்குச் சுவர்களுக்கு நடுவே நாற்காலிகள் இருக்கின்றன. மரமல்ல, வெண்கலத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசியவை. ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கு மேல். உட்காரவும் எழுந்திருக்கவும் பின்னால் ஒரு பணியாள் நின்று நாற்காலியை நகர்த்திக் கொடுக்க வேண்டும். அந்த அறையில்தான் நான் நின்றுவிட்டேன். விருந்துக்கு அழைக்கப்பட்ட பெண் தானாக எழுந்து போக முடியாது; நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பையனும் அவள் எழும்வரை எங்கும் போக முடியாது.

மாடியில் மகள் கான்சுவேலோவின் அறை. தன் அறையில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தாயே முடிவுசெய்தார், தனக்குப் பிடித்த ஒரு சிறு பொருளை வைத்துக்கொள்ளக்கூட இடமில்லை என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக முதுகெலும்போடு சேர்த்து ஓர் இரும்புக் கம்பியைக் கட்டிவிடுவார்களாம். அவர் விரும்பியவர் வேறொருவர். தாய் விடவில்லை. கீழே உள்ள கோதிக் அறையில் இங்கிலாந்தின் மால்பரோ கோமகன் பெண் கேட்க, 1895 நவம்பர் 6ஆம் தேதி நியூயார்க்கில் திருமணம். சீராக 25 லட்சம் டாலர் பெறுமானமுள்ள ரயில்வே பங்குகள். முகத்திரைக்குள் அழுதுகொண்டே மணமேடைக்குப் போனதாகக் கான்சுவேலோ சொல்லியிருக்கிறார். 1926இல் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கும் வழக்கில், மகளைக் கட்டாயப்படுத்தியது நான்தான் என்று ஆல்வாவே சாட்சி சொன்னார்.

இத்தோடு நிறுத்தினால் ஆல்வாவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். மீதியைப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

ஆஷ்விலுக்குப் போய்வந்த ஒருவர்

அக்கா, நான் ஓட்டல் சலவைப் பிரிவில் பல ஆண்டு மேற்பார்வை பார்த்தவள். வட கரோலினாவில் உள்ள பில்ட்மோர் மாளிகைக்குப் போனபோது என் வீட்டார் நூலகத்தில் வாய்பிளந்து நின்றார்கள். நான் அடித்தளத்துச் சலவை அறைகளைவிட்டு நகரவில்லை. 250 அறைகள் கொண்ட வீடு, 35 படுக்கையறை, 43 குளியலறை. எத்தனை விரிப்பு, எத்தனை துவாலை என்று என் மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. துணி உலர்த்த ஓர் அறை இருக்கிறது பாருங்கள், சுவருக்குள்ளிருந்து உயரமான மரச்சட்டங்களை இழுத்தால் வெளியே வரும், துணியைத் தொங்கவிட்டு உள்ளே தள்ளினால் சூட்டில் காய்ந்துவிடும். மலைப்பிரதேசத்து ஈரத்தில் இது இல்லாமல் ஒரு நாளும் ஓடியிருக்காது. இதை யோசித்துக் கட்டியவர் வேலை தெரிந்தவர். மனமாரப் பாராட்டினேன்.

அந்த வீட்டின் எஜமானி ஈடித்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் ஜார்ஜ் வாண்டர்பில்ட் 1914 மார்ச்சில் குடல்வால் அறுவைக்குப் பின் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் 80,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை, ஏக்கர் ஒன்றுக்கு 5 டாலர் வீதம், அரசுக்குக் கொடுத்தார். பிஸ்கா தேசியக் காட்டின் மையப்பகுதி அதுதான். பில்ட்மோர் போகிறவர்கள் வீட்டோடு திரும்பிவிடாமல் அந்தக் காட்டுச் சாலையிலும் ஒருமுறை போய்வாருங்கள்.

பாஸ்டனிலிருந்து

ஆல்வா மகளுக்கு ஒரு பொம்மை வைக்கக்கூட இடம் தரவில்லை என்று படித்ததும் எனக்குக் கலைப்பொருள் சேகரித்த இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் நினைவுக்கு வந்தார். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவரும் விட்டுக்கொடுக்காதவர்தான். ஆனால் அவர் கட்டியது ஊருக்கான வீடு. கணவர் இறந்த பிறகு வெனிஸ் நகரத்து அரண்மனை பாணியில் கட்டி, 1903 புத்தாண்டு நாளில் நண்பர்களுக்குத் திறந்து காட்டினார். ஷாம்பெயினும் டோனட்டும் கொடுத்து, பாஸ்டன் சிம்பொனி இசைக்கலைஞர்களை வாசிக்க வைத்திருக்கிறார். நான்காம் தளத்தில் தாம் குடியிருந்துகொண்டு, கீழே உள்ள மூன்று தளங்களையும் அருங்காட்சியகமாக ஆக்கினார். 1924இல் இறக்கும்போது எழுதிவைத்த உயில்: நான் வைத்த இடத்திலிருந்து எதையும் மாற்றக்கூடாது.

1990 மார்ச் 18ஆம் தேதி அதிகாலை, போலீஸ் உடையில் வந்த இருவர் காவலர்களைக் கட்டிப்போட்டு 13 கலைப்பொருட்களைத் திருடிச் சென்றார்கள். வெர்மீரின் 'கச்சேரி', ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடற்காட்சி இரண்டும் அதில் போயின. டச்சு அறையில் அந்த ஓவியங்கள் இருந்த சட்டகங்கள் இன்றும் வெறுமையாக அதே இடத்தில் இருக்கின்றன. சட்டகத்துக்குள் பின்சுவரின் பட்டுத்துணி தெரிகிறது. முதன்முறை அதன்முன் நின்றபோது, என் வீட்டில் களவு போனதுபோல வயிற்றைப் பிசைந்தது. தகவல் தருபவருக்கு 1 கோடி டாலர் வெகுமதி அறிவித்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

ஏப்ரலில் போனால் வேறொரு காட்சி காத்திருக்கும். நடுமுற்றத்து மாடங்களிலிருந்து ஆரஞ்சு நிற நாஸ்டர்ஷியம் கொடிகளை நீளமாகத் தொங்கவிடுவார்கள்; அம்மையாரின் பிறந்தநாளையொட்டி அவர் காலத்திலிருந்தே நடக்கும் வழக்கம். இசபெல்லா என்ற பெயர் உள்ளவர்களுக்கு ஆயுளுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் அந்தப் பெயரில் பெண் குழந்தை இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

நியூயார்க்கிலிருந்து ஒரு சிற்ப மாணவர்

நியூபோர்ட்டின் பிரேக்கர்ஸ் மாளிகையை இன்னும் யாரும் தொடவில்லையே! 70 அறைகள், அதில் பாதியளவு பணியாளருக்கு. பழைய வீடு 1892இல் தீக்கு இரையானதால், புதிய வீட்டின் கொதிகலன்களை வீட்டுக்கு வெளியே மண்ணுக்கடியில் புதைத்து, சுரங்கம் வழியாக வெப்பத்தைக் கொண்டுவந்தார்கள். குளியல் தொட்டியில் நான்கு குழாய்கள்: நல்ல தண்ணீரில் சூடும் குளிரும், கடல்நீரில் சூடும் குளிரும். ஒரே பளிங்குக் கல்லைக் குடைந்த தொட்டி என்பதால், கல்லின் குளிர்ச்சி போகும்வரை வெந்நீரை நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகுதான் எஜமானர் இறங்குவாராம்.

என்னை அங்கே இழுத்தது அந்த வீட்டுப் பெண் கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி. 1895இல் வீடு திறந்த கோடையில்தான் அவரைச் சமூகத்துக்கு அறிமுகப்படுத்தும் நடனவிழா நடந்தது. நல்ல இடத்தில் மணமுடித்தால் போதும் என்று வளர்க்கப்பட்டவர் உளி எடுத்தார். கிரீனிச் வில்லேஜில் பட்டறை வைத்து, விலை போகாத அமெரிக்க ஓவியர்களின் படங்களைத் தாமே வாங்கினார். 1929இல் அந்தச் சேகரிப்பை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகத் தர முன்வந்தபோது, வேண்டாம் என்றார்கள். சரி என்று சொந்தமாகவே ஓர் அருங்காட்சியகம் தொடங்கிவிட்டார். 1931இல் திறந்த விட்னி அருங்காட்சியகம் அதுதான். வாஷிங்டனில் கைகளை விரித்து நிற்கும் டைட்டானிக் நினைவுச்சிலையும் அவர் வடித்தது. எங்கள் வகுப்பில் கட்டாயம் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்; பார்த்தேன். பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று எவரும் ஒதுக்கிவிட முடியாத வேலை.

தொடங்கியவர் மீண்டும்

சலவை அறையை எழுதிய சகோதரிக்குத் தனி நன்றி. அடுத்த முறை எல்ம்ஸ் போகும்போது அங்குள்ள சலவை அறையை உங்கள் கண்ணால் பார்ப்பேன்.

இனி ஆல்வாவின் மீதிக் கதை. 1895இல் விவாகரத்து வாங்கி, மறு ஆண்டே ஆலிவர் பெல்மான்ட்டை மணந்தார். விவாகரத்தான பெண்ணை விருந்துக்கு அழைக்காத சமூகம் அது. இவர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1908இல் பெல்மான்ட் இறந்தபின் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் இறங்கினார். 1909 ஆகஸ்டில் மார்பிள் ஹவுஸைக் கட்டணம் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். தோட்டத்துக்கு 1 டாலர், வீட்டுக்குள் போக 5 டாலர். வசூல் இயக்கத்துக்கு.

அந்த ஆண்டு டிசம்பரில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க்கில் சட்டை தைக்கும் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தினமும் கைது. ஆல்வா இரவு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்திருந்தார். நான்கு பெண்களுக்கு ஜாமீன் தேவைப்பட்டபோது, மேடிசன் அவென்யூவில் இருந்த தம் சொந்த வீட்டை ஈடாக எழுதிக்கொடுத்தார். ஜாமீன் தொகைக்கு வீடு பெறுமா என்று நீதிபதி கேட்க, மதிப்பு 4 லட்சம் டாலர் என்றும், இந்தப் போராட்டத்துக்கும் வாக்குரிமை இயக்கத்துக்கும் பணம் திரட்ட வாங்கிய 1 லட்சம் டாலர் கடன் அதன்மேல் இருக்கலாம் என்றும் பதில் சொன்னார். பெர்விண்ட் வீட்டில் ஓய்வு கேட்டவர்களுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இரண்டு குடும்பமும் ஒரே தெருவில், பெல்வியூ அவென்யூவில், கோடையைக் கழித்தவர்கள்.

1914 ஜூலையில், புதிதாகக் கட்டிய சீனத் தேநீர் மண்டபத்தை ஒட்டி, மார்பிள் ஹவுஸின் புல்வெளியில் வாக்குரிமை மாநாடு. கணவரைப் பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்த கான்சுவேலோவும் வந்து பேசினார். மகளைப் படுத்தியதை நான் மன்னிக்கத் தயாரில்லை; ஆனால் மகளே வந்து தாயின் மேடையில் பேசியிருக்கிறார் என்பதும் உண்மை. கட்டிய செலவில் மிகச் சிறு பங்குக்கு அந்த வீடு 1932இல் விற்கப்பட்டது. மறு ஆண்டு ஆல்வா இறந்தார்.

தேநீர் மண்டபத்தைக் கட்டணமின்றியும் பார்க்கலாம். கிளிஃப் வாக் என்று கடலை ஒட்டி மூன்றரை மைல் நடைபாதை இருக்கிறது; கடலோர மாளிகைகள் பலவற்றின் பின்பக்கம் அதிலிருந்து தெரியும். மண்டபத்துக்கு அடியில் ஒரு குகைவழியாகவே அந்தப் பாதை போகிறது. தெற்குப் பகுதியில் பாறைகள்மேல் ஏறி இறங்க வேண்டும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். எல்ம்ஸ் பணியாளர் சுற்றுக்கு முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுவது நல்லது. படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.