ஆறு சொல் சுயசரிதை: ஹெமிங்வே பந்தயக் கதையை இனியாவது நிறுத்துங்கள்

மெய்ப்புத்திருத்தி:
நேற்று ‘குட்டிக்கதை’ போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதில் இருந்தது இதுதான்: “சாப்பாட்டு மேசையில் நண்பர்களோடு பந்தயம் கட்டி, ‘விற்பனைக்கு: குழந்தைக் காலணிகள், ஒருமுறையும் அணியாதவை’ என்று ஆங்கிலத்தில் ஆறே சொல்லில் கதை எழுதி ஜெயித்தார் ஹெமிங்வே. ஆறு சொல் சுயசரிதை அங்கேதான் பிறந்தது. அவரால் முடிந்தது நம்மாலும் முடியும். வாருங்கள், உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள்.”

ஹெமிங்வே அதை எழுதவில்லை. அமெரிக்க எழுத்தாளரான அவர் பிறந்தது 1899. குழந்தைத் துணிமணியும் கட்டிலும் விற்பனைக்கு, பயன்படுத்தப்படாதவை என்று வந்த ஒரு விளம்பரத்தைப் பற்றி அமெரிக்காவின் ஸ்போகேன் ப்ரெஸ் நாளிதழ் 1910 மே மாதமே உருக்கமாக எழுதிவிட்டது. அப்போது அவருக்கு வயது 10. 1917இல் வில்லியம் கேன் என்பவர் ‘தி எடிட்டர்’ இதழில், அணியாத குட்டிக் காலணியை வைத்து ஒரு கதை எழுதலாமே என்று யோசனை சொன்னார். ஹெமிங்வே இறந்தது 1961. அவர் பெயரை இந்தக் கதையோடு ஒட்டி பீட்டர் மில்லர் என்ற இலக்கிய முகவர் புத்தகத்தில் எழுதியது 1991. அவரும் 1974இல் ஒரு பத்திரிகைக்காரர் வாயால் கேட்டதாகத்தான் சொல்கிறார். இறந்து 30 வருடம் கழித்து ஒருவர் பந்தயத்தில் ஜெயிக்கிறார்!

குட்டிக்கதை:
சார், என் பதிவு முழுக்க எல்லோரும் எழுதணும்னு கேட்டிருக்கேன். நீங்க முதல் ரெண்டு வரியிலேயே நின்னுட்டீங்க. யார் எழுதினா என்ன? அந்த வரி படிக்கிறவங்களை உலுக்குதா இல்லையா?

மெய்ப்புத்திருத்தி:
யார் எழுதினால் என்னவா? தம்பி, நீங்கள் கேட்பது சுயசரிதை. உண்மையைச் சொல்லுங்கள் என்று மக்களைக் கூப்பிடுகிறீர்கள், வாசலிலேயே ஒரு பொய்யைக் கட்டித் தொங்கவிடுகிறீர்கள். ஹெமிங்வே அதை எழுதவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:
எங்கள் ஊர் நூலகத்தில் பென்ஷன்காரர்களையும் வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்து இதை எழுத வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் சொல்கிறேன். இந்த வடிவத்துக்கு ஹெமிங்வே தேவையே இல்லை. 2006 நவம்பரில் லாரி ஸ்மித் தன் ‘ஸ்மித்’ இணைய இதழில் வாசகர்களிடம் உங்கள் வாழ்க்கையை ஆறு சொல்லில் சொல்லுங்கள் என்று கேட்டார். வந்து குவிந்தது. 2008இல் தொகுப்பாகப் புத்தகமும் வந்தது. மிஷேல் நோரிஸ் என்ற வானொலிப் பத்திரிகையாளர் 2010இல் 200 அஞ்சலட்டை அச்சடித்து, இனத்தைப் பற்றி ஆறு சொல்லில் எழுதுங்கள் என்று நீட்டினார். அதுவும் பெருகிக்கொண்டே போனது.

“என் வாழ்க்கையில என்ன இருக்கு எழுத” என்று பேனாவையே தொடாத ஒரு அம்மா எழுதியது: “நாலு பிள்ளை பெற்றேன். தினமும் தனியாகச் சாப்பிடுகிறேன்.” ஒரு பெரியவர் எழுதியது: “முப்பது வருடம் ரயில்வே. டெல்லி இன்னும் பார்க்கவில்லை.” 300 பக்கம் எழுது என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருமே வீட்டுக்குப் போயிருப்பார்கள். பத்து சொல்லில் எழுதி, நாலைக் கிள்ளி எறியும்போதுதான் எது தன் வாழ்க்கை என்று அவர்களுக்கே தெரிகிறது. தயவுசெய்து இதைப் பற்றிப் பேசுங்கள்.

மெய்ப்புத்திருத்தி:
டீச்சரம்மா, நீங்கள் சொன்ன லாரி ஸ்மித்தே இந்த ஹெமிங்வே கதையைச் சொல்லித்தான் வாசகரைக் கூப்பிட்டார். பிசகு அங்கிருந்தே வருகிறது. நீங்கள் உங்கள் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்கிறீர்களா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

வடமராட்சியான்:
அண்ணை, அவசரப்படாதேங்கோ. ஆர்தர் சி. கிளார்க் 1956இல இருந்து எங்கட இலங்கையிலதான் இருந்தவர். அறிவியல் புனைகதை எழுதின பெரிய எழுத்தாளர், சாதாரண ஆளில்லை. 1991இல அவர் எழுதின ஒரு கடிதத்தில இந்தக் கதை இருக்கு. ஹெமிங்வே கூட்டாளிமாரிட்ட 10 டொலர் பந்தயம் கட்டினவர், அவையள் பேசாமல் காசைக் குடுத்தவை எண்டு. இப்பவும் நினைச்சா அழுகை வருது எண்டும் எழுதியிருக்கிறார். கிளார்க்கை விட உங்களுக்குக் கூடத் தெரியுமோ?

மெய்ப்புத்திருத்தி:
கடிதத்தை முழுதாகப் படியுங்கள் ஐயா. ஜெயித்தார் என்று கிளார்க் எழுதவில்லை, ஜெயித்ததாகச் சொல்லப்படுகிறது என்று எழுதினார். அவரும் கேள்விப்பட்டவர்தான். பந்தயம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தைப் பாருங்கள்: மில்லர் நியூயார்க்கில் லூச்சோஸ் உணவகம் என்கிறார், இன்னொரு கூட்டம் அல்கோன்குவின் ஹோட்டல் என்கிறது. ஒரே பந்தயத்தை இரண்டு மேசையில் கட்ட முடியாது. ஹெமிங்வே அதை எழுதவில்லை.

வடமராட்சியான்:
எழுதேல்லை எண்டதுக்கு உங்களிட்டயும் ஆதாரம் இல்லை. அவர் வாயால சொல்லியிருக்கலாம். வாயால சொன்னது பேப்பரில வராது.

மெய்ப்புத்திருத்தி:
அப்படியானால் நானும் சொல்லியிருக்கலாம், நீங்களும் சொல்லியிருக்கலாம். ஆதாரம் காட்ட வேண்டியவர் சொன்னார் என்பவர்தான்.

பொன்னியின் பேரன்:
இந்த ஹெமிங்வே சண்டையே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. தமிழில் சுயசரிதை என்றால் முதலில் உ.வே.சா. பெயர் வர வேண்டாமா? ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடங்கியது. 85 வயதை நெருங்கிய மனிதர் 122 அத்தியாயம் எழுதினார். அப்படியும் மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றுவிட்டது, மீதி நாற்பது வருட வாழ்க்கை எழுத்தில் வரவே இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களை ஆறு சொல்லில் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். சுருக்குவது வேறு, சுரண்டுவது வேறு.

மெய்ப்புத்திருத்தி:
பொன்னி ஐயா, போன விவாதத்தில் ‘என் சரித்திரம்’ புத்தகமாக வந்தது 1942 என்று நின்றீர்களே, நினைவிருக்கிறதா? 1942 ஏப்ரலில் அவர் காலமானார். புத்தகம் 1950. இன்று ஆண்டெல்லாம் சரியாகச் சொல்கிறீர்கள், மகிழ்ச்சி.

பொன்னியின் பேரன்:
அந்த விவாதத்தில் நான் சொன்னது தொடர் நின்ற ஆண்டு. அதை வெட்டி ஒட்டி என்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியது நீங்கள். இன்னும் மறக்கவில்லை. இப்போதும் கேட்டதற்குப் பதில் இல்லை, ஒற்றுப்பிழை பார்க்கிற கண்ணோடு மனிதரைப் பார்க்கிறீர்கள்.

செங்கம் சேகரிப்பாளர்:
இரண்டு பேரும் விடுங்கள். ஆறு சொல்லில் ஒரு வாழ்க்கை என்பது நமக்கு அமெரிக்காக்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கம் பக்கத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். இன்னார் மகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான், அவ்வளவுதான் எழுத்து. மாட்டு மந்தையை மீட்கப்போய்ச் செத்தவனுடைய ஊரும் பெயரும் சாவும் இரண்டு மூன்று வரியில் கல்லில் நிற்கிறது. எடுத்தனூர் கல்லில் மகேந்திரவர்மன் காலத்துக் கோவிவன் என்ற நாய்கூட இருக்கிறது, கள்ளனைக் கடித்துக் காத்த நாய். ஒரு நாயின் வாழ்க்கையை அத்தனை சுருக்கமாக எழுதிய ஊர் இது.

மெய்ப்புத்திருத்தி:
அந்த நாய்தான் அதை எழுதியதா? சுயசரிதை என்றால் தானே எழுதியது. நடுகல்லைச் செத்தவன் எழுதவில்லை. காலணி வரியை ஹெமிங்வே எழுதவில்லை.

செங்கம் சேகரிப்பாளர்:
நாயைக் கிண்டல் செய்யாதீர்கள். அந்தக் கல்லின் முன்னால் நின்றவன் இப்படிப் பேச மாட்டான்.

புதுவாசகி:
ஒரு சந்தேகம். சுயசரிதை, நினைவுக்குறிப்பு, குறுங்கதை மூன்றும் வேறு வேறுதானே? காலணி வரி விளம்பரம் மாதிரியான கற்பனை. டீச்சர் காட்டியது உண்மை வாழ்க்கை. முதலில் எது எது என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீருமே?

வடமராட்சியான்:
தங்கச்சி, அதைப் பிறகு பாப்பம். அண்ணை, ஒரு கேள்வி. 1910 பேப்பரில வந்தது உடுப்பும் கட்டிலும். சப்பாத்து இல்லை. அப்ப சப்பாத்து ஆற்ற யோசனை?

மெய்ப்புத்திருத்தி:
காலணி 1917இல் வில்லியம் கேனிடம் வந்துவிட்டது, மேலே எழுதியிருக்கிறேன். அப்போது ஹெமிங்வேக்கு 17 வயது. 1921இல் ராய் மோல்டன் என்ற பத்தி எழுத்தாளர் பயன்படுத்தாத குழந்தை வண்டி விளம்பரம் ஒன்றைச் சொல்லி, இதில் ஒரு கதைக்கரு இருக்கிறது என்று நண்பர் சொன்னதாக எழுதுகிறார். உடுப்பு, காலணி, வண்டி என்று ஊர் ஊராகச் சுற்றிய சரக்கு. பெரிய பெயர் ஒன்று மட்டும் குறைவாக இருந்தது, பிறகு ஒட்டினார்கள். பெயரில்லாதவன் எழுதிய நல்ல வரி நம் கண்ணில் படுவதில்லை, பிரபலம் எழுதியது என்றால் அழுகிறோம். எனக்குக் கோபமே அதில்தான். நாற்பது வருடமாக மற்றவர்கள் எழுத்தைத் திருத்திப் பிழைத்தவன் நான். யாருடைய வரி யார் பெயரில் அச்சாகிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:
அப்படியானால் பெயரில்லாத அந்த அம்மா எழுதிய வரியைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னீர்களா ஐயா? நாலு பிள்ளை பெற்றும் தனியாகச் சாப்பிடுகிறவர். உங்கள் கண்ணிலும் ஹெமிங்வேதான் பட்டார். இங்கே அவர் பெயரை அதிகம் எழுதியவர் நீங்கள்தான்.

மெய்ப்புத்திருத்தி:
நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வகுப்பில் அந்தக் கதையைச் சொல்கிறீர்களா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
சொல்வேன், சொல்லாமலும் இருப்பேன். என் வகுப்புக்கு வந்து பாருங்கள், பின்னால் உட்கார்ந்து நீங்களும் ஆறு சொல் எழுதுங்கள்.

பொன்னியின் பேரன்:
அவர் எழுதினால் ஆறாவது சொல்லில் அடுத்தவர் பிழை ஒன்று இருக்கும்.

மெய்ப்புத்திருத்தி:
தனிப்பட்ட தாக்குதலுக்கு நான் பதில் சொல்வதில்லை. உ.வே.சா. ஆண்டு விஷயத்தில் நீங்கள் பட்ட காயம் தெரிகிறது.

குட்டிக்கதை:
சார், நான் பதிவை எடுக்கப் போறதில்லை. நேத்திலிருந்து நிறைய பேர் தங்கள் வாழ்க்கையை எழுதி அனுப்பியிருக்காங்க. ஒருத்தர்கூட ஹெமிங்வே பந்தயம் கட்டினாரான்னு கேட்கலை. வேணும்னா ‘சொல்லப்படுகிறது’ன்னு ஒரு வார்த்தை சேர்க்கிறேன்.

மெய்ப்புத்திருத்தி:
‘சொல்லப்படுகிறது’ என்று சேர்த்தால் போதாது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தும் கிளார்க் கடிதம் இன்று ஆதாரமாகிவிட்டது, மேலேயே பார்த்தோம். அந்த வரியை எடுங்கள். ஹெமிங்வே அதை எழுதவில்லை.

வடமராட்சியான்:
கிளார்க்கைப் பற்றி நீங்கள் கதைச்ச விதம் சரியில்லை எண்டதை நான் இன்னும் விடேல்லை.

பொன்னியின் பேரன்:
மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ஆறு சொல்லில் எழுதச் சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒருவரும் எழுதவில்லை. நான் காத்திருக்கிறேன்.