கேமரா அணைத்த பிள்ளைகளைத் தெரிந்துகொள்வது எப்படி?

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேருக்கு மே மாதத்திலிருந்து கூகுள் மீட்டில் கணக்கு எடுக்கிறேன். எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். பெயர் தெரிகிறது, பிள்ளையைத் தெரியவில்லை.

முதலில் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி அனுப்பினேன். "ஆமா மிஸ்", "புரியுது மிஸ்", அவ்வளவுதான். அப்புறம் வாட்ஸ்அப்பில், "உன்னோட ஒரு நாள் எப்படிப் போகுது, ஒரு நிமிஷம் பேசி அனுப்பு" என்றேன். அதில்தான் விஷயமே வந்தது. ஒரு மாணவி அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போகிறாள். ஒருவனுக்கு அப்பா கரையில் இருந்தால்தான் போன். மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை ஒரு வகுப்பும் விடாதவன், படகுகள் கடலுக்குப் போனதும் ஏன் காணாமல் போனான் என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போது அவனுக்குக் கணக்கை நோட்டில் போட்டுப் படமெடுத்து அனுப்புகிறேன். போன் கைக்கு வரும்போது பார்க்கிறான்.

இன்னும் ஒன்பது பேர் பேசவில்லை. வீட்டு நிலையைக் கேட்டு யாரையும் கூச வைக்க மனமில்லை. கடலுக்குப் போன அப்பா திரும்பாத வீடும் இதில் இருக்கலாம்.

நீங்கள் என்ன கேட்டுப் பேச வைத்தீர்கள்? தெரிந்துகொண்டதை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? தொண்டி, கீழக்கரை, ஏர்வாடிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.